நல்லெண்ணெய் ஏன் எளிதில் கெடுவதில்லை: கொழுப்பு அமிலங்களும் அவற்றோடு வரும் சிறுகூறுகளும்



1937ஆம் ஆண்டு நீலகிரி மலையின் குன்னூரிலிருந்து ஒரு சிறு நூல் வெளிவந்தது. அங்கே இயங்கிவந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் அய்க்ராய்டு தொகுத்த ‘ஹெல்த் புல்லட்டின் 23’ அது. அரிசி, கேழ்வரகு, பருப்பு, கீரை, மீன் என்று இந்த நாட்டு மக்கள் அன்றாடம் உண்பவற்றில் எது எவ்வளவு சத்து தருகிறது என்பதை அட்டவணையாக்கித் தந்தது. அந்த அட்டவணை கொழுப்பைப் பற்றிச் சொன்னது நூறு கிராமில் எத்தனை கிராம் என்ற அளவை மட்டுமே. அந்த ஆய்வுக்கூடம்தான் 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. அது 2017இல் வெளியிட்ட இந்திய உணவுக்கூறு அட்டவணை 528 உணவுகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் எந்தக் கொழுப்பு அமிலம் எவ்வளவு, வைட்டமின் ஈ வகைகள் எவை, கரோட்டினாய்டுகளும் பாலிஃபீனால்களும் எவ்வளவு என்று பக்கம் பக்கமாகப் பிரித்துக் காட்டுகிறது. ஏறக்குறைய எண்பது ஆண்டுகளில் ஓர் எண் பல பத்திகளாக விரிந்திருக்கிறது. ஆனால் அந்தப் பத்திகளில் ஒரு பகுதிதான் நம் மளிகைக் கடைக்கும் சமையலறைக்கும் வந்து சேர்ந்தது. எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு எவ்வளவு, நிறைவுறாதது எவ்வளவு என்று படித்தவர்கள் எல்லோரும் கேட்கப் பழகிவிட்டோம். அந்தக் கொழுப்போடு கூடவே வருகிற சிறுகூறுகளைப் பற்றிக் கேட்பார் இல்லை. எண்ணெயின் தரத்தைக் கொழுப்பு அமில விகிதத்தை மட்டும் வைத்துத் தீர்மானிப்பது அரைகுறைத் தீர்ப்பு. அந்தச் சிறுகூறுகளையும், எண்ணெய் கடந்துவந்த வழியையும், வாணலியில் அது படும் பாட்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் தீர்ப்பு முழுமையாகும். இதுவே இந்தச் சொற்பொழிவில் நான் நிறுவ விரும்புவது. இதற்கு நான் எடுத்துக்கொள்ளும் முதன்மைச் சான்று நம் வீட்டு நல்லெண்ணெய்.

முதலில் விகிதக் கணக்கைப் பார்த்துவிடுவோம். சமையல் எண்ணெய் எதுவானாலும் அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் ட்ரைகிளிசரைடுகள்தாம்; ஒரு கிளிசராலோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் சேர்ந்த மூலக்கூறுகள். கார்பன் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பே இல்லாவிட்டால் அது நிறைவுற்ற அமிலம். ஒன்று இருந்தால் ஒலீயிக் போன்றது. இரண்டு இருந்தால் லினோலீயிக். மூன்று இருந்தால் லினோலெனிக். தேங்காயெண்ணெயில் ஏறத்தாழ 90 விழுக்காடு நிறைவுற்றது, அதில் பாதி லாரிக் அமிலம். கடலை எண்ணெயில் ஒலீயிக் 40 முதல் 50, லினோலீயிக் 30 அளவில். சூரியகாந்தி எண்ணெயில் லினோலீயிக் 60ஐத் தொடும். ரேஷனில் கிடைக்கும் பாமாயிலில் பால்மிட்டிக் 40, ஒலீயிக் 40க்குச் சற்று மேல், லினோலீயிக் 10 அல்லது 11. நல்லெண்ணெயில் ஒலீயிக் 40, லினோலீயிக் 43 என்ற அளவில் ஏறக்குறைய சரிபாதி. 1952இல் ஜேம்ஸ், மார்ட்டின் என்ற இரு விஞ்ஞானிகள் வாயு நிறப்பிரிகை முறையால் கொழுப்பு அமிலங்களைப் பிரித்துக் காட்டிய பிறகு, இந்த விகிதங்களை எடுப்பது எளிதாகிவிட்டது. எண்ணெயிலுள்ள அமிலங்களை மெத்தில் எஸ்டர்களாக மாற்றிக் கருவிக்குள் செலுத்தினால், தாளில் ஒவ்வோர் அமிலத்துக்கும் ஒரு முகடு எழும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த முறை கொழுப்பு அமிலங்களை மட்டும் காணும்படி வகுக்கப்பட்டது. எண்ணெயில் கரைந்திருக்கும் டோக்கோஃபெரால் (வைட்டமின் ஈ), லிக்னன், ஓரிசனால் போன்ற சிறுகூறுகள் எதுவும் அந்தத் தாளில் முகடு காட்டாது. கருவிக்கு எது தெரிந்ததோ அதுவே எண்ணெயின் முழு உருவம் என்று நாம் எடுத்துக்கொண்டோம்.

விகிதக் கணக்கு பொய் என்று நான் சொல்லவில்லை. 1929, 1930ஆம் ஆண்டுகளில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் இணையர் கொழுப்பே இல்லாத உணவை எலிகளுக்குக் கொடுத்து, அவற்றின் தோலும் வளர்ச்சியும் சீர்கெடுவதைக் கண்டார்கள். லினோலீயிக் அமிலம் கொடுத்ததும் அவை தேறின. உடலால் தானே செய்துகொள்ள முடியாத கொழுப்பு அமிலங்கள் உண்டு என்பது அப்படித்தான் உறுதியானது. நிறைவுற்ற கொழுப்புக்குப் பதிலாக நிறைவுறாக் கொழுப்பை உண்டால் ரத்தத்தில் எல்டிஎல் கொலஸ்ட்ரால் குறைகிறது என்பதும் திரும்பத் திரும்ப நிறுவப்பட்ட உண்மை. அமெரிக்க இதயநல சங்கம் 2017இல் சான்றுகளைத் தொகுத்து, இப்படி மாற்றிக்கொள்வதால் இதயநோய் 30 விழுக்காடு அளவுக்குக் குறைகிறது என்று அறிவித்தது. இதற்கு எதிர்த்திசையிலும் சான்று உண்டு. மின்னசோட்டாவில் 1968 முதல் 1973 வரை ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வில், சோள எண்ணெய் கொடுத்தபோது கொலஸ்ட்ரால் இறங்கியது, இறப்பு குறையவில்லை என்பது 2016இல் வெளியான மறு பகுப்பாய்வில் தெரியவந்தது. இந்த வழக்கில் இன்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. சான்றுகளின் கனம் இன்னும் நிறைவுறாக் கொழுப்பின் பக்கமே இருக்கிறது என்பது என் கணிப்பு. ஆனால் விகிதம் ஒன்றையே வைத்துக்கொண்டு விடை காண முடியாத ஒரு கேள்வி இங்கேதான் எழுகிறது.

கேள்வி இது. இரட்டைப் பிணைப்பு கூடக் கூட எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனுக்கு எளிதில் இரையாகும். இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே இருக்கும் கார்பனிலிருந்து ஒரு ஹைட்ரஜன் எளிதாகப் பிரிந்துவிடும். அது பிரிந்த இடம் தனியுறுப்பு ஆகிறது. தனியுறுப்பு ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டு பெராக்சைல் ஆகிறது. அந்தப் பெராக்சைல் பக்கத்து அமிலத்திலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறித்துத் தான் ஹைட்ரோபெராக்சைடாக அடங்கிவிடும். ஆனால் பறிகொடுத்தது புதிய தனியுறுப்பாகிவிடும். ஒன்று ஓய்ந்தால் இன்னொன்று கிளம்பும் இந்தத் தொடர்வினையின் முடிவில் ஹைட்ரோபெராக்சைடுகள் உடைந்து ஹெக்சனால், டெக்காடையீனால் போன்ற ஆல்டிஹைடுகள் உண்டாகின்றன. பழைய முறுக்கில் நம் மூக்கு கண்டுபிடிக்கும் சிக்கு வாடை இப்படிப்பட்ட சிதைவின் அறிவிப்பு. இதன் வேகத்தையும் அளந்திருக்கிறார்கள். ஒலீயிக் அமிலம் ஆக்சிஜனேற்றம் அடையும் வேகத்தை ஒன்று என்று வைத்தால், லினோலீயிக்கின் வேகம் பத்து பன்னிரண்டு மடங்கு, லினோலெனிக்கின் வேகம் இருபத்தைந்து மடங்கு. இந்தக் கணக்குப்படி, பாதிக்குச் சற்றுக் குறைவாக லினோலீயிக் கொண்ட நல்லெண்ணெய் சீக்கிரம் சிக்குப் பிடிக்க வேண்டும். நடப்பது நேர்மாறு. அன்றாடத் தாவர எண்ணெய்களில் அது நெடுநாள் தாங்குவதற்குப் பெயர்பெற்றது. ஆவக்காய் அதில் மூழ்கி ஓராண்டு கிடந்தும் எண்ணெய் கெடாமல் இருப்பதை நம் வீட்டுப் பரண்கள் தலைமுறை தலைமுறையாகச் சோதித்துப் பார்த்திருக்கின்றன.

வைட்டமின் ஈதான் காரணம் என்று உடனே சொல்லத் தோன்றும். டோக்கோஃபெரால்கள் தம் ஹைட்ரஜனைப் பெராக்சைலுக்கு விட்டுக்கொடுத்துத் தொடர்வினையை நிறுத்துபவை என்பது உண்மை. ஆனால் மொத்த டோக்கோஃபெரால் கணக்கில் சூரியகாந்தி எண்ணெய் நல்லெண்ணெய்க்குக் குறைந்ததல்ல, பெரும்பாலும் கூடுதலாகவே வைத்திருக்கிறது. அப்படியிருந்தும் அது சீக்கிரம் கெடுகிறது. சூரியகாந்தியில் லினோலீயிக் அதிகம், மேலும் அதிலுள்ளது ஆல்ஃபா வகை, நல்லெண்ணெயில் உள்ளதோ எண்ணெயைக் காப்பதில் வல்ல காமா வகை என்று மறுக்கலாம். மறுப்பு நியாயமானதே, வேறுபாட்டின் ஒரு பகுதியை அது விளக்கிவிடுகிறது. மீதியை விளக்க எண்ணெய் வேதியியலார் கையாளும் ஒரு முறை இருக்கிறது. எண்ணெயை அலுமினா நிரப்பிய குழாய் வழியே மெல்ல இறங்கவிடுவார்கள். ட்ரைகிளிசரைடுகள் வழிந்து கீழே வந்துவிடும், சிறுகூறுகள் அலுமினாவில் ஒட்டிக்கொள்ளும். கீழே சேர்ந்ததை வாயு நிறப்பிரிகைக் கருவியில் இட்டால் பழைய விகிதமே வரும். அட்டவணைப்படி அது அதே எண்ணெய். ஆனால் அதைச் சூடாக்கிக் காற்றுப் படவிட்டால் நிலைத்த தன்மை போய், விரைந்து சிதைகிறது. விகிதம் மாறவில்லை, குணம் மாறிவிட்டது. நூறில் ஒரு பங்குகூடத் தேறாத கூறுகள்தாம் மீதித் தொண்ணூற்றொன்பதின் ஆயுளை நிர்ணயிக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நல்லெண்ணெயில் இந்தச் சிறுகூறுகளில் தலையானவை லிக்னன்கள். நூறு கிராம் எண்ணெயில் செசமின் ஏறத்தாழ அரை கிராம், செசமோலின் அதில் பாதியளவு இருக்கும். இவை இரண்டும் அப்படியே நின்றால் பெரிய தடுப்பிகள் அல்ல. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்க வேண்டுமானால் பீனால் வளையத்தில் ஒரு கட்டற்ற ஹைட்ராக்சில் வேண்டும். இவற்றில் அந்த இடம் மூடிக் கிடக்கிறது. எள்ளை வறுக்கும்போது, எண்ணெயைக் காய்ச்சும்போது, செசமோலின் உடைந்து செசமோல் பிறக்கிறது. மூடியிருந்த ஹைட்ராக்சில் இப்போது வெளிப்படுகிறது. வெப்பம் மற்ற எண்ணெய்களின் தடுப்பிகளை அழித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், நல்லெண்ணெய் அதே வெப்பத்திலிருந்து ஒரு புதிய தடுப்பியைப் பெறுகிறது. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் நமிகி, ஒசாவா ஆகியோரின் குழு 1980களில் இன்னொன்றையும் கண்டறிந்தது. சுத்திகரிப்பு ஆலையில் நிறம் நீக்க அமிலக் களிமண்ணைச் சேர்க்கும்போது செசமோலின் வேறு வடிவெடுத்துச் செசமினால் என்ற வலுவான தடுப்பியாகிறது. ஆக, நல்லெண்ணெயைப் பொறுத்தவரை சுத்திகரிப்பு எல்லாவற்றையும் அழித்துவிடுகிறது என்று சொல்வதும் தவறு. இந்த நுணுக்கத்தைச் செக்கெண்ணெய் ஆர்வலர்கள் கவனத்தில் கொள்ள வேண்டும்.

இந்தச் சிறுகூறுகள் கண்ணுக்குத் தெரியும் ஒரு சோதனை உண்டு. சோதனைக் குழாயில் ஐந்து மில்லி எண்ணெய், அதே அளவு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம், சில துளி ஃபர்ஃப்யூரால் கரைசல் விட்டு இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கி நிறுத்தினால், எண்ணெய் மேலே ஒதுங்கும், அடியில் அமிலப் படலம் செம்பருத்திச் சிவப்பாக மாறும். கடலை எண்ணெய்க்கோ தேங்காயெண்ணெய்க்கோ அந்தச் சிவப்பு வராது. போதுவான் சோதனை எனப்படும் இதற்குக் காரணம் செசமோலின் வழிவந்த செசமோல்தான். இந்திய அரசு இதை ஒரு சட்டமாகவே பயன்படுத்திக்கொண்டது. வனஸ்பதியில் குறைந்தது 5 விழுக்காடு நல்லெண்ணெய் கலந்தாக வேண்டும் என்ற விதி நெடுங்காலம் நடப்பில் இருந்தது. நெய்யில் வனஸ்பதியைக் கலப்படம் செய்தவர்கள் இந்தச் சிவப்பினால் பிடிபட்டார்கள். உணவுக் கலப்படத் தடுப்புத் துறை ஐம்பது அறுபது ஆண்டுகளாக நம்பிவந்த மூலக்கூறுகளை, உணவின் தரத்தைப் பேசும்போது மட்டும் நாம் மறந்துவிட்டோம்.

மற்ற எண்ணெய்களுக்கும் இதே போன்ற கதை உண்டு. அவற்றில் பெரும்பாலானவை இழப்பின் கதைகள். எண்ணெய்ப் பனையின் பழத்திலிருந்து பிழிந்தெடுக்கும் செம்பனை எண்ணெய் ஒரு கிலோவில் 500 முதல் 700 மில்லிகிராம் கரோட்டினாய்டுகள் கொண்ட, ஆரஞ்சு சிவப்பான எண்ணெய். நிறம் வெளுக்க வேண்டும் என்பதற்காக அவ்வளவும் நீக்கப்பட்டு வெளிறிய பாமாயில் நம்மிடம் வருகிறது. பிறகு வைட்டமின் ஏ பற்றாக்குறை உள்ள நாடு என்பதால் அதே எண்ணெயில் வைட்டமின் ஏயைச் சேர்த்துச் செறிவூட்டச் சொல்கிறோம். தவிட்டு எண்ணெயின் சிறப்பு ஓரிசனால். காரம் சேர்த்துச் சுத்திகரிக்கும் முறையில் அதில் பெரும்பகுதி சோப்புக் கழிவோடு போய்விடும். நீராவியால் சுத்திகரிக்கும் முறையில் தங்கும். இரண்டுமே கடையில் தவிட்டு எண்ணெய் என்ற ஒரே பெயரில்தான் நிற்கின்றன. எந்த எண்ணெயானாலும் இறுதிக் கட்டமான மணநீக்கத்தில் 200 டிகிரிக்கு மேல் வெற்றிடத்தில் நீராவி பாய்ச்சப்படுகிறது. வேண்டாத வாடையோடு டோக்கோஃபெராலில் ஒரு பங்கும் ஆவியாகி வெளியேறுகிறது. அந்த வடிநீர் வீணாவதில்லை. உலகச் சந்தையில் ‘இயற்கை வைட்டமின் ஈ’ என்று விற்கும் மாத்திரைகளுக்கு அதுவே முதன்மையான மூலப்பொருள். எண்ணெயிலிருந்து கழற்றியதை மாத்திரையாக வாங்கிக்கொள்கிறோம், எண்ணெயைக் காப்பாற்ற அந்த இடத்தில் டிபிஎச்கியூ என்ற செயற்கைத் தடுப்பியைக் கிலோவுக்கு 200 மில்லிகிராம் வரை சேர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. அந்த அளவு பாதுகாப்பானது என்றே உணவுப் பாதுகாப்பு அமைப்புகள் கருதுகின்றன; நான் அச்சமூட்ட வரவில்லை. ஏற்கெனவே இருந்ததை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கிறோம் என்பதை வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும் என்கிறேன்.

இந்த இடத்தில் வலுவான மறுப்பு ஒன்று வரும். சுத்திகரிப்பு யாரும் வேடிக்கைக்காகக் கொண்டுவந்ததல்ல. ஈரத்தில் சேமித்த நிலக்கடலையில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற கல்லீரல் நஞ்சு உண்டாகும். பிழிந்த எண்ணெயில் அதன் ஒரு பகுதி இறங்கும். கார நீக்கமும் களிமண் வெளுப்பும் அதை ஏறக்குறைய முழுவதுமாக அகற்றிவிடுகின்றன. செக்கில் ஆட்டிய எண்ணெய்க்கு அந்தக் கவசம் இல்லை. தவிட்டில் உள்ள லிப்பேஸ் நொதியோ அரிசி தீட்டிய சில மணி நேரத்திலேயே கொழுப்பைச் சிதைக்கத் தொடங்கிவிடும். சுத்திகரிக்காமல் தவிட்டு எண்ணெயில் சமைக்கவே முடியாது. இந்த மறுப்பை நான் முழுதும் ஏற்கிறேன். இன்று தெருவுக்குத் தெரு ‘மரச்செக்கு’ என்று பலகை தொங்குகிறது. வாகை மரச் செக்கு, கருப்பட்டி சேர்த்து ஆட்டியது என்றெல்லாம் விளம்பரம் வருகிறது. எள்ளோடு கருப்பட்டி சேர்த்து ஆட்டுவது பழைய, நல்ல வழக்கம். பிண்ணாக்கிலிருந்து எண்ணெய் பிரிய அது உதவும். ஆனால் மரமும் கருப்பட்டியும் பூஞ்சைக் கடலையை நல்ல கடலை ஆக்கிவிடாது. செக்கெண்ணெயின் தரம் வித்தின் தரத்தைத் தாண்டாது. காயவைத்து, புடைத்து, சொத்தை பொறுக்கிய வித்தை ஆட்டி, சில வாரங்களுக்குள் பயன்படுத்தும் எண்ணெயில் சிறுகூறுகள் முழுதாக இருக்கும். வித்தைப் பார்க்காமல் செக்கை மட்டும் பார்த்து வாங்குபவர் ஏமாறலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். தெளிந்த பொன்னிறம் தெரியட்டும் என்று கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிக் கடை வாசலில் வெயில்பட அடுக்கி வைக்கிறார்கள். எண்ணெயில் எஞ்சியிருக்கும் பச்சையம் ஒளியை வாங்கி ஆக்சிஜனை ஒற்றைநிலை ஆக்சிஜனாக மாற்றும். அது லினோலீயிக்கைத் தாக்கும் வேகம் சாதாரண ஆக்சிஜனைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேல். பித்தளைத் தூக்கையும் ஒளி புகாத தகர டின்னையும் பற்றி இங்கே ஒரு சொல்: ஒளியைத் தடுப்பதில் இரண்டும் ஒன்று, ஆனால் செம்பு கலந்த உலோகம் ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டும் என்பதால் எண்ணெய்க்குத் தகர டின்னோ எவர்சில்வரோதான் ஏற்றது.

இரண்டாவது மறுப்பு இன்னும் ஆழமானது. ஆன்டிஆக்சிடன்ட் என்ற பெயரில் கடந்த நாற்பது ஆண்டுகளில் விற்ற நம்பிக்கைகள் எல்லாம் என்னவாயின என்று மருத்துவர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வு 1994இல் முடிவு சொன்னது: பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்று 18 விழுக்காடு கூடியிருந்தது. அமெரிக்காவில் வைட்டமின் ஈ மாத்திரையைப் பரிசோதித்த ‘செலக்ட்’ ஆய்வு, புராஸ்டேட் புற்று 17 விழுக்காடு கூடியதாக 2011இல் அறிவித்தது. உணவுப் பொருள்களை ஆக்சிஜனேற்றத் தடுப்பாற்றல் வரிசைப்படி அடுக்கிய ஒராக் பட்டியலை அமெரிக்க வேளாண் துறை 2012இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. சோதனைக் குழாயில் கிடைத்த எண் மனித உடலில் என்ன செய்யும் என்பதற்குச் சான்றில்லை, விளம்பரக்காரர்கள் அதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்பது அவர்கள் தந்த காரணம். இவை எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்ட பிறகும் என் வாதம் நிற்கிறது, ஏனென்றால் அது இதைவிடக் குறுகியது. செசமோல் நம் ரத்தக்குழாயைக் காக்கும் என்று நான் சொல்லவில்லை. அது எண்ணெயைக் காக்கிறது என்கிறேன். கெடாத எண்ணெயை உண்பவர், சிதைந்த ஹைட்ரோபெராக்சைடுகளையும் ஆல்டிஹைடுகளையும் உண்ணாமல் தப்புகிறார். தனியே பிரித்தெடுத்த ஒரே பொருளைப் பெரிய அளவில் விழுங்குவதும், பல கூறுகள் சிறுசிறு அளவில் கொழுப்போடு சேர்ந்திருக்கும் உணவை உண்பதும் ஒன்றல்ல என்பதையும் அந்த மாத்திரை ஆய்வுகளே நமக்குக் கற்பித்தன.

உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதற்கும் சில தடயங்கள் உண்டு. ஹவாயில் 2001இல் வெளியான ஓர் ஆய்வில், எள் சேர்த்த உணவை மூன்றே நாள் உண்டவர்களின் ரத்தத்தில் காமா டோக்கோஃபெரால் உயர்ந்தது. அதே அளவு டோக்கோஃபெராலை வால்நட்டிலிருந்தோ சோயா எண்ணெயிலிருந்தோ பெற்றவர்களிடம் உயரவில்லை. செசமின் அந்த வைட்டமின் உடலில் சிதைவதைத் தாமதப்படுத்துகிறது என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம். நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில், ரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுத்துக்கொள்பவர்களை 45 நாள் நல்லெண்ணெயில் சமைக்கச் சொல்லிப் பார்த்ததில் அழுத்தம் இறங்கியது. இத்தகைய ஆய்வுகள் சிறியவை, குறுகிய காலத்தவை; இவற்றை வைத்து நல்லெண்ணெய் மருந்து என்று பறைசாற்றுவது அறிவியலுக்கு நியாயமாகாது. பெரிய, ஒப்பீட்டுக் குழுவுள்ள ஆய்வுக்கு இவை நல்ல காரணம்.

தேங்காயெண்ணெய் பற்றி ஒரு சொல் சொல்லாமல் போக முடியாது. இரட்டைப் பிணைப்பு மிகக் குறைவு என்பதால் அது எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையாது. அதையே காரணம் காட்டி, கெடாத எண்ணெய் ஆகையால் உடலுக்கும் நல்லது என்று வாதிடுபவர்கள் பெருகியிருக்கிறார்கள். நான் இதுவரை சொன்னதை அப்படி நீட்டக் கூடாது. எண்ணெயின் நிலைப்பு ஒரு குணம். எல்டிஎல்லை உயர்த்துவதா தாழ்த்துவதா என்பது வேறொரு குணம். தேங்காயெண்ணெய் முதலாவதில் தேறுகிறது, இரண்டாவதில் தேறவில்லை. நாள்தோறும் அதிலேயே சமைப்பதற்கு நிலைப்பு சான்றிதழ் ஆகாது. நல்லெண்ணெயை நான் முன்னிறுத்துவது அது இரண்டு கணக்கிலும் தேறுவதால்தான்: நிறைவுறாக் கொழுப்பு மிகுந்தும் அது நிலைத்து நிற்கிறது. கடலை எண்ணெய் அதற்கு அடுத்த இடத்தில் நிற்கும்.

ஆனால் எந்த எண்ணெயின் நற்குணத்தையும் ஒரே நாளில் தீர்த்துவிடக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது, அது பலகாரக் கடையின் இரும்புச் சட்டி. 170, 180 டிகிரியில் பஜ்ஜியும் வடையும் வேகும்போது மாவிலுள்ள நீர் கொழுப்பை உடைக்கிறது, காற்று ஆக்சிஜனேற்றுகிறது, வெப்பம் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்து எண்ணெயைக் கெட்டியாக்குகிறது. தடுப்பிகள் முதல் சில மணி நேரத்திலேயே தீர்ந்துபோகும், செசமோலும் தப்பாது. மாலையில் எண்ணெய் கருத்து, நுரை அடங்காமல் மேலேறுவதைப் பார்க்கலாம். அப்போதும் கொட்டுவதில்லை. மறுநாள் காலை அதன் தலைமேலேயே புது எண்ணெயை ஊற்றுகிறார்கள். பழையதிலுள்ள சிதைவுப் பொருள்களே புதியதில் தொடர்வினையைத் தொடங்கிவைக்கும். புதிய எண்ணெயோடு வந்த தடுப்பிகள் வந்த வேகத்தில் செலவாகிவிடும். இந்தப் பழக்கத்துக்கு எல்லை வைக்கத்தான் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், எண்ணெயில் சிதைவின் அளவுகோலான மொத்த முனைவுச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை முதல் விதித்தது; பயன்படுத்திய எண்ணெயைப் பயோடீசலுக்குச் சேகரிக்கும் திட்டத்தையும் தொடங்கியது. டிரான்ஸ் கொழுப்பு விஷயத்தில் ஆணையம் உறுதியாக நடந்தது. 5 விழுக்காடாக இருந்த வரம்பை 2021இல் 3 ஆக்கி, 2022 ஜனவரியில் 2 ஆக இறக்கியது. ஆலைகள் எண்ணிக்கையில் குறைவு, அதனால் அது நடந்தது. தள்ளுவண்டிகளின் சட்டிகளை அப்படி எண்ணிவிட முடியாது. பெரிய உணவகம் கழித்த எண்ணெயைச் சிறு கடைக்காரர் மலிவாக வாங்கும் வழி அடைபடாதவரை விதி காகிதத்தில்தான் இருக்கும். அபராதத்தைவிட, கழித்த எண்ணெய்க்கு நல்ல விலை கொடுத்து வாங்கிக்கொள்வதே இந்த வழியை அடைக்கும் என்பது என் உறுதியான கருத்து.

கடைசி மறுப்பு வயிற்றைப் பற்றியது. ரேஷன் அட்டைக்கு லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயில் கிடைக்கிறது. செக்கு நல்லெண்ணெய் அதைப்போல் பல மடங்கு விலை. லிக்னனையும் ஓரிசனாலையும் பேசுவது வசதி படைத்தவர்களுக்கான பேச்சல்லவா என்று கேட்கலாம். கேள்வியின் நேர்மையை மதித்தே விடை சொல்ல வேண்டும். பாமாயிலைப் பழிப்பது என் நோக்கமல்ல. லினோலீயிக் குறைவு என்பதால் பொரிப்பதற்கு அது சூரியகாந்தியைவிட நன்றாகத் தாங்கும். அதையும் அளவோடு, ஒரு முறை காய்ச்சியதைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாமல் பயன்படுத்துவதே முதல் பாதுகாப்பு. உடலுழைப்பு குறைந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 25 கிராம், பெண்ணுக்கு 20 கிராம் எண்ணெய் போதும் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை. அந்த அளவுக்குள் நின்றால், நல்லெண்ணெயை எல்லாவற்றுக்கும் ஊற்ற வேண்டியதில்லை. சூடு படாமல் உண்ணும் இடத்தில் சிறிது இருந்தால் போதும். இட்லி மிளகாய்ப் பொடியைக் குழைக்கும் இரண்டு கரண்டி நல்லெண்ணெயில் டோக்கோஃபெராலும் லிக்னனும் ஒரு துளி குறையாமல் வந்து சேர்கின்றன. எண்ணெயையே வாங்காமல் வித்தாக உண்பது இன்னும் மலிவானது. எள்ளில் பாதி எடை எண்ணெய்தான். வித்தின் செல்லுக்குள் இருக்கும்வரை காற்றும் ஒளியும் அதை அண்டுவதில்லை. எள்ளுருண்டையும் எள்ளுப்பொடியும் வேகவைத்த கடலையும் ஏழை வீட்டுக்கு எட்டாத பண்டங்கள் அல்ல. சத்துணவுத் திட்டத்தில் வாரம் ஒரு நாள் எள்ளுருண்டை சேர்ப்பதைத் தமிழ்நாடு அரசு எண்ணிப் பார்க்கலாம். எண்ணெயோடு கால்சியமும் இரும்பும் சேர்ந்து வரும்.

இறுதியாக, இங்கே அமர்ந்திருக்கும் வேதியியல் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எண்ணெய் டின்னின் லேபிளில் நிறைவுற்ற கொழுப்பு எவ்வளவு என்று அச்சிடுகிறார்கள். எந்த நாளில் ஆட்டியது, பெராக்சைடு மதிப்பு (எண்ணெயில் சேர்ந்துள்ள ஹைட்ரோபெராக்சைடுகளின் அளவு) எவ்வளவு, எந்த முறையில் சுத்திகரித்தது என்பவை இல்லை. பெராக்சைடு மதிப்பை அளக்க விலையுயர்ந்த கருவி ஏதும் வேண்டாம். அசிட்டிக் அமிலமும் குளோரோஃபார்மும் கலந்த கரைப்பான், பொட்டாசியம் அயோடைடு, சோடியம் தயோசல்ஃபேட், ஸ்டார்ச் கரைசல், ஒரு பியூரெட் போதும். இவை இல்லாத கல்லூரி ஆய்வகம் இல்லை. சுத்திகரித்த எண்ணெய்க்கு 10, செக்கெண்ணெய்க்கு 15 என்று கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பின் வரம்பு இருக்கிறது. தங்கள் ஊர்ச் சந்தையில் விற்கும் செக்கெண்ணெய், பாக்கெட் எண்ணெய், ரேஷன் எண்ணெய் மூன்றையும் பருவத்துக்கு ஒரு முறை வாங்கி, போதுவான் சோதனையும் பெராக்சைடு சோதனையும் செய்து, முடிவைத் தமிழில் ஊரார் படிக்கும்படி வெளியிடுங்கள். எந்தக் கடை என்ற பெயர்கூட வேண்டாம், எண்கள் போதும். மாவட்டத்துக்கு ஒரு கல்லூரி இதை ஏற்றுக்கொள்ளட்டும். இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளை அதற்கான ரசாயனப் பொருள்களின் செலவை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று நிர்வாகிகளைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.